நூலைக் கடிக்கும் பல்லுக்கு எந்த அடைப்பு நல்லது?

ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் அக்காவின் முன்பல்லை ஒரு முறை உற்றுப் பாருங்கள். மேல்வரிசையில் நடுப்பல் இரண்டில் ஒன்றின் நுனியில், கத்தரிக்கோலின் ஓரத்தால் கீறிவிட்டதைப் போல சின்னதாக 'வி' வடிவப் பள்ளம் இருக்கும். சிலருக்கு இரண்டு பல்லிலும் இருக்கும். விழுந்து உடைந்ததல்ல, பிறவியில் வந்ததும் அல்ல. நூல் செய்த வேலை அது.

கட்டர் பக்கத்திலேயே கிடந்தாலும் அதை எடுக்க ஒரு நொடி ஆகும். பீஸ் ரேட்டில் ஓடுகிறவருக்கு அந்த ஒரு நொடியும் காசு. அதனால் நூலை வாயில் வைத்து 'நறுக்' என்று கடித்துவிட்டு அடுத்த பீஸுக்குப் போய்விடுவார். இப்படி வருடக்கணக்கில் ஒரே இடத்தில் பாலியஸ்டர் நூல் உரசினால், உடம்பிலேயே கடினமான பொருளான பல் எனாமலும் தேய்ந்துபோகும். தையல்காரர்களின் பல்லில் விழும் இந்தப் பள்ளத்தைத் தொழில் சார்ந்த பல் தேய்மானம் என்று பல் மருத்துவப் பாடப்புத்தகங்களே குறிப்பிடுகின்றன.

2011-ல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்த பதினைந்து வேலம்பாளையம், இன்றும் பனியன் கம்பெனிகளின் ஊர்தான். டெய்லர், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று வீட்டுக்கு ஒருவராவது கம்பெனிக்குப் போகிறார்கள். இங்கே பல் வலியோடு கிளினிக் படி ஏறுகிறவர்களுக்கு நாற்காலியில் சாய்ந்ததும் ஒரு கேள்வி காத்திருக்கும்: ''சிமென்ட் வெச்சு அடைச்சிரலாமா, இல்ல லைட் வெச்சு அடைக்கிற கலர் ஃபில்லிங் போடலாமா?''

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியாமலேயே பெரும்பாலானவர்கள் ''எது சீப்போ அதையே போடுங்க'' என்றோ, ''நீங்களே பார்த்து நல்லதா போடுங்க'' என்றோ சொல்லிவிடுகிறார்கள். இரண்டு பதிலுமே சரியில்லை. காரணம், எல்லாப் பல்லுக்கும் நல்ல அடைப்பு என்று ஒன்று கிடையவே கிடையாது.

டீ இடைவேளையும் பல் பூச்சியும்

அடைப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஓட்டை எப்படி விழுகிறது என்று பார்த்துவிடலாம்.

''பல்லுல பூச்சி அரிச்சிருச்சுங்க'' என்றுதான் கொங்குப் பக்கம் சொல்வார்கள். புகை போட்டுப் பல் பூச்சியை எடுத்துக் காட்டுகிறவர்கள் ஒரு காலத்தில் சந்தைக்குச் சந்தை இருந்தார்கள். அவர்கள் உள்ளங்கையில் காட்டிய புழு எதுவும் பல்லிலிருந்து வந்ததில்லை. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள்தான் நிஜப் பூச்சி. நாம் சாப்பிடும் சர்க்கரையையும் மாவுப் பொருளையும் அவை தின்று அமிலத்தைக் கக்குகின்றன. வாயின் பிஎச் அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலில் இருக்கும் தாது உப்புகள் கரைய ஆரம்பிக்கும். பிறகு எச்சில் ஊறி அமிலத்தைச் சமன்செய்து, இழந்த தாதுவில் கொஞ்சத்தைத் திரும்பப் பூசிவிடும். இதற்கு அரை மணி நேரமோ அதற்கு மேலுமோ ஆகலாம்.

இந்தக் கணக்கைக் கம்பெனி நாளோடு பொருத்திப் பாருங்கள். காலையில் வீட்டில் ஒரு காபி. வேலையில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் டீயும் பன்னும். மத்தியானச் சாப்பாடு. சாயங்காலம் மறுபடி டீ, கூட ஒரு போண்டாவோ தேங்காய் பன்னோ. ஒன்றரை ஷிப்ட் ஓடினால் ராத்திரிக்குள் இன்னொரு டீ. ஒவ்வொரு தடவையும் அமிலம் ஏறும். எச்சில் சரிசெய்து முடிப்பதற்குள் அடுத்த டம்ளர் வந்துவிடும். மொத்தம் எவ்வளவு சர்க்கரை சாப்பிட்டோம் என்பதைவிட எத்தனை தடவை சாப்பிட்டோம் என்பது பல்லுக்கு முக்கியம். ஒரே நேரத்தில் இரண்டு ஜிலேபி தின்றவரைவிட, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சர்க்கரை டீ குடிப்பவரின் பல்லுக்கு ஆபத்து அதிகம். டீ குடித்ததும் ஒரு மடக்குத் தண்ணீர் கொப்பளித்துத் துப்புவது காசில்லாத வைத்தியம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எனாமலில் நரம்பு இல்லை. அங்கே ஓட்டை விழுந்தால் வலிக்காது. அடுத்த அடுக்கான டென்டினுக்குள் போனால் குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுருக்கென்று கூசும். ''பல்லு கூசுதுங்க'' என்று சொல்லும் அந்தக் கட்டம்தான் சாதாரண அடைப்போடு தப்பிக்கச் சரியான நேரம். அதைத் தாண்டி நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் பல்கூழை எட்டிவிட்டால் ராத்திரித் தூக்கம் போகும். அப்புறம் எந்த ஃபில்லிங் நல்லது என்ற பேச்சுக்கே இடமில்லை. ரூட் கேனாலும் மேலே கேப்பும், இல்லாவிட்டால் பல்லைப் பிடுங்குவது. செலவு பல மடங்காகும். இரண்டு மூன்று தடவை வரச் சொல்வார்கள். அத்தனை நாளும் லீவு போட்டால் ஷிப்ட் சம்பளம் போகும். ''ஆர்டர் முடியட்டும், அப்புறம் போய்க்கலாம்'' என்று தள்ளிப்போடுவதன் உண்மையான விலை இதுதான்.

அனுப்பர்பாளையத்துக்காரருக்குப் புரியும் அடைப்பு

வாயைத் திறந்தால் கடைவாயில் கறுப்பும் சாம்பலுமாக மின்னும் பழைய அடைப்பைப் பல பெரியவர்களிடம் பார்க்கலாம். அதை 'வெள்ளி அடைப்பு' என்பார்கள். மருத்துவப் பெயர் அமால்கம்.

பக்கத்து அனுப்பர்பாளையத்தில் பித்தளையும் செம்பும் உருக்கிப் பாத்திரம் செய்தவர்களுக்கு உலோகக் கலவை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. அமால்கமும் அப்படி ஒரு கலவைதான். வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் பொடியோடு பாதரசத்தைச் சேர்ப்பார்கள். எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம்தான். உருக்க உலை தேவையில்லை, சூடும் தேவையில்லை. கலந்ததும் மண் போல மசியும், ஓட்டைக்குள் வைத்து அழுத்தினால் சில நிமிடத்தில் இறுக ஆரம்பிக்கும், ஒரு நாளில் முழுப் பலம் வந்துவிடும். அதனால்தான் வெள்ளி அடைப்பு வைத்த அன்று அந்தப் பக்கம் கடிக்காதீர்கள் என்று சொல்லி அனுப்புவார்கள்.

சீனாவில் 7-ம் நூற்றாண்டிலேயே இது போன்ற ஒரு வெள்ளிக் களிம்பு பல்லுக்குப் பயன்பட்டதாகக் குறிப்பு இருக்கிறது. ஐரோப்பாவில் 19-ம் நூற்றாண்டில் வெள்ளி நாணயங்களை அராவிய தூளில் பாதரசம் கலந்து அடைத்தார்கள். 1833-ல் இது அமெரிக்காவுக்குப் போனபோது பெரிய சண்டையே வந்தது. அங்கிருந்த பல் மருத்துவர் சங்கம் ஒன்று, ''அமால்கம் வைக்க மாட்டேன்'' என்று உறுப்பினர்களிடம் உறுதிமொழி வாங்கியது. கடைசியில் 1856-ல் சங்கமே கலைந்துபோனது, அமால்கம் நிலைத்தது. நிலைத்ததற்குக் காரணம் எளிமையானது. விலை குறைவு. எச்சில் கொஞ்சம் பட்டாலும் பொறுத்துக்கொள்ளும். முறுக்கையும் எலும்பையும் கடிக்கும் கடைவாயில் பத்துப் பதினைந்து வருடம் தாக்குப்பிடிக்கும்.

குறைகளும் உண்டு. அழகில்லை. பல்லோடு ஒட்டாது. பிடிமானத்துக்காக நல்ல பல்லையும் கொஞ்சம் செதுக்கி, உள்ளே அகலமாகக் குடைந்து வைக்க வேண்டும். நாளாக நாளாகச் சுற்றியுள்ள பல் கறுக்கும், சிலருக்கு விரிசலும் விடும்.

பாதரசம் என்றதும் பயம் வருவது இயல்புதான். பயத்தின் வேர் ஜப்பானில் இருக்கிறது. மினமாட்டா என்ற கடலோர ஊரில் ரசாயனத் தொழிற்சாலைக் கழிவு கடலில் கலந்து, மீன் வழியாக மக்களின் நரம்பு மண்டலத்தைச் சிதைத்தது. 1956-ல் அந்த நோய் வெளியே தெரிந்தது. அது மெத்தில் பாதரசம். பல் அடைப்பில் இருப்பது வேறு வகை. அடைப்பிலிருந்து மிகச் சிறிய அளவில் ஆவி வருவது உண்மை. ஆனால் அமெரிக்காவிலும் போர்ச்சுகலிலும் மொத்தம் 1,041 குழந்தைகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து 2006-ல் வெளியான இரண்டு ஆய்வுகளில், அமால்கம் வைத்த குழந்தைகளுக்கும் கலர் ஃபில்லிங் வைத்த குழந்தைகளுக்கும் மூளைத் திறனில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

அப்படியென்றால் ஏன் இப்போது இதை ஒதுக்குகிறார்கள்? சுற்றுச்சூழல்தான் பெரிய காரணம். கிளினிக்கில் வாஷ்பேசின் வழியாகப் போகும் பாதரசம் சாக்கடைக்கும் ஆற்றுக்கும் போய்ச் சேர்கிறது. நொய்யலில் சாயக் கழிவு என்ன செய்தது என்று பார்த்த ஊருக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2013-ல் உருவான மினமாட்டா ஒப்பந்தத்தை இந்தியா 2018-ல் ஏற்றுக்கொண்டது. 15 வயதுக்கு உட்பட்டவர்கள், கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள் ஆகியோருக்கு அமால்கம் வைப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று 2022-ல் அதில் சேர்த்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஏறக்குறைய முழுதாக நிறுத்திவிட்டது. 2034-க்குள் உலகம் முழுவதும் நிறுத்துவது என்று 2025 நவம்பரில் ஜெனிவாவில் முடிவாகியிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, இருபது வருடமாக ஒழுங்காக இருக்கும் வெள்ளி அடைப்பைப் பிடுங்கச் சொல்லி யாரும் கிளினிக்குக்கு ஓட வேண்டாம். நன்றாக இருக்கும் அடைப்பை, மருத்துவக் காரணம் இல்லாமல் எடுக்காதீர்கள் என்றுதான் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அமைப்பும் 2020-ல் சொன்னது. குடைந்து எடுக்கும்போதுதான் பாதரச ஆவி அதிகமாக வரும், நல்ல பல்லும் கொஞ்சம் போகும்.

நீல வெளிச்சத்தில் இறுகும் பல்

இன்று வேலம்பாளையத்தில் 'கலர் ஃபில்லிங்', 'லைட் ஃபில்லிங்' என்று கேட்டால் வைப்பது காம்போசிட். நுண்ணிய கண்ணாடித் துகளும் சிலிக்காவும் கலந்த ஒரு வகைப் பிசின் இது. ரஃபேல் போவன் என்ற அமெரிக்கர் இந்தப் பிசினுக்கு 1962-ல் காப்புரிமை வாங்கினார்.

பிசின் மட்டும் இருந்தால் போதாது, பல்லில் ஒட்ட வேண்டுமே! அதற்கு வழி கண்டவர் மைக்கேல் புவனகோர். உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்க பாஸ்பாரிக் அமிலம் தடவுவதைப் பார்த்து, அதையே பல்லில் செய்து பார்த்தார். 1955-ல் அதை எழுதினார். சாயப்பட்டறையில் வேலை பார்த்தவருக்கு இது சட்டென்று பிடிபடும். நெய்து வந்த துணியில் நேரடியாகச் சாயம் ஏறாது. முதலில் எண்ணெய்ப் பசையெல்லாம் போக அலசி, ப்ளீச் செய்து, துணியைத் தயார்படுத்த வேண்டும். அதே போல அமிலம் சில நொடிகள் பட்டதும் எனாமலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் விழும். அவற்றுக்குள் பிசின் இறங்கி வேர் பிடிக்கும்.

பிறகு காம்போசிட்டை ஒரே கட்டியாக அடைக்காமல், ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் தடிமனில் அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் நீல வெளிச்சம் காட்டி இறுக்குவார்கள். இறுகும்போது பிசின் கொஞ்சம் சுருங்கும். மொத்தமாக வைத்தால் ஓரத்தில் இடைவெளி விழும், அதன் வழியாகக் கிருமி நுழையும். ''அந்த டாக்டர் பத்து நிமிஷத்துல அடைச்சாரு, இவங்க முக்கால் மணி நேரம் எடுத்தாங்க'' என்று குறைப்படுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். காம்போசிட்டில் நேரம் எடுப்பது பெரும்பாலும் நல்ல அறிகுறி.

லாபங்கள் நிறைய. பல்லின் நிறத்திலேயே கிடைக்கும். பல்லோடு ஒட்டுவதால் கெட்ட பாகத்தை மட்டும் எடுத்தால் போதும். வெளிச்சம் காட்டியதுமே கெட்டியாகிவிடும். மரத்துப்போனது தெளிந்ததும் சாப்பிடலாம். மதியம் அடைத்துக்கொண்டு சாயங்காலம் வேலைக்குப் போகிறவருக்கு இது வசதி.

ஆனால் ஈரம் இதற்குப் பெரிய எதிரி. வைக்கும் நேரத்தில் ஒரு துளி எச்சிலோ ரத்தமோ பட்டால் ஒட்டும் பலம் போய்விடும். ஈறுக்குக் கீழே இறங்கிய ஆழமான ஓட்டை, வாயை அகலத் திறக்க முடியாதவர், அழுது புரளும் குழந்தை ஆகிய இடங்களில் காம்போசிட் சறுக்கும். ரப்பர் டேம் என்ற மெல்லிய ரப்பர் விரிப்பை வைத்து அந்தப் பல்லை மட்டும் தனியே பிரித்து அடைப்பதும் ஈரத்தைத் தடுக்கத்தான். கடைவாய்ப் பற்களில் அமால்கத்தையும் காம்போசிட்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வில், காம்போசிட் தோற்றுப்போகும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரிந்தது. அடைப்பின் ஓரத்தில் மறுபடி சொத்தை வருவது அதற்கு முக்கியக் காரணம். அதில் உள்ள ஆய்வுகள் பழையவை, இன்றைய கலவைகள் மேம்பட்டவைதான். இருந்தாலும் சேதி ஒன்றுதான்: காம்போசிட் வைத்தவர் பல் இடுக்கைச் சுத்தமாக வைத்துக்கொள்ளாவிட்டால் அடைப்பு சீக்கிரம் கெடும். ஏழு முதல் பத்து வருடம் எதிர்பார்க்கலாம் என்பது பொதுவான கணக்கு.

சிமென்ட் என்றால் மட்டம் இல்லை

'சிமென்ட் அடைப்பு' என்றதும் அது ஏதோ மலிவான சரக்கு என்ற நினைப்பு நம்மிடம் இருக்கிறது. கிளாஸ் அயனோமர் என்ற அந்த சிமென்ட், லண்டனில் ஓர் அரசு ஆய்வகத்தில் ஆலன் வில்சன், பிரையன் கென்ட் என்ற இருவர் கண்டுபிடித்து 1970-களின் தொடக்கத்தில் வெளியே வந்தது. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் தனது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்த்தது. அந்த மரியாதை சும்மா வரவில்லை.

கண்ணாடிப் பொடியும் ஒரு வகை அமிலமும் கலந்த இந்த சிமென்ட், தனியாகப் பசை இல்லாமலேயே பல்லின் கால்சியத்தோடு ரசாயன முறையில் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் சமாளிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மெல்ல மெல்ல ஃபுளோரைடைக் கசியவிட்டுச் சுற்றியுள்ள பல்லைக் காக்கும். 1980-களில் ஆப்பிரிக்காவின் தான்சானியாவில், கரன்ட் இல்லாத கிராமங்களில் ட்ரில் இல்லாமல் கையால் சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு அடைக்கும் முறை ஒன்று பிறந்தது. அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது இந்த சிமென்ட்தான். பள்ளிக்கூட முகாம்களில், ட்ரில் சத்தத்துக்குப் பயப்படும் குழந்தைகளுக்கு இது வரப்பிரசாதம்.

பலம்தான் குறைவு. கடைவாயில் முழு அழுத்தம் படும் பெரிய ஓட்டையில் வைத்தால் தேயும், உடையும். ஐந்து வருடம் போனாலே நல்லது என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, இதற்கான இடங்கள் வேறு. பால் பற்கள். ஈறு ஓரத்தில் விழும் பள்ளம். எச்சில் வற்றி வேர்ப்பகுதியில் சொத்தை வரும் வயதானவர்கள். அழுத்தித் தேய்த்துப் பல் துலக்கி, ஈறு ஓரத்தில் பல்லை அறுத்துக்கொண்டவர்கள் நம் ஊரில் ஏராளம். செங்கல் தூள், கரித்தூள் என்று வளர்ந்த தலைமுறைக்கு பிரஷ்ஷையும் அதே வேகத்தில் ஓட்டத்தான் தெரியும். அந்த இடத்தில் கலர் ஃபில்லிங்கைவிட சிமென்ட் பல நேரம் நன்றாகப் பிடிக்கும். இரண்டின் குணத்தையும் சேர்த்த, வெளிச்சத்தில் இறுகும் சிமென்ட்டும் இப்போது இருக்கிறது.

தங்கம், செராமிக், ஜிர்கோனியா என்று லேபில் செய்து ஒட்டுவதும் உண்டு. பல்லில் பாதிக்கு மேல் போய்விட்டால் உள்ளே திணிக்கும் அடைப்பு நிற்காது. அளவெடுத்துச் செய்ததுதான் நிற்கும். அச்சு எடுக்க ஒரு நாள், ஒட்ட ஒரு நாள். செலவு அதிகம், ஆயுளும் அதிகம்.

கிராம்பு வாசம் போனதும் மறந்துபோவது

வேலைக்குப் போகிறவர்கள் அதிகம் ஏமாறுவது ஓர் அடைப்பிடம்தான்: தற்காலிக அடைப்பு.

பல் வலி என்றதும் வீட்டில் கிராம்பைக் கடித்து வைப்போம். அதில் இருக்கும் யூஜினால் என்ற பொருள் வலியை மட்டுப்படுத்தும். அதையே ஜிங்க் ஆக்சைடு பொடியோடு குழைத்து மருத்துவர்கள் தற்காலிகமாக அடைப்பார்கள். வீக்கம் அடங்குகிறதா என்று பார்க்கவோ, ரூட் கேனால் நடுவிலோ வைப்பது அது. ''பத்து நாள் கழித்து வாங்க'' என்பார்கள். வலி நின்றுவிடும். கம்பெனியில் ஷிப்மென்ட் நெருங்கும். பத்து நாள் இரண்டு மாதமாகும். மென்மையான அந்த அடைப்பு அதற்குள் கரைந்து, உள்ளே எச்சிலும் கிருமியும் நுழைந்திருக்கும். உள்ளே நரம்பு செத்திருந்தால் வலிக்கவும் வலிக்காது. ஒரு நாள் முகம் வீங்கி எழுந்திருக்கும்போதுதான் தெரியும், காப்பாற்றியிருக்கக்கூடிய பல் போய்விட்டதென்று. தற்காலிக அடைப்பு என்றால் அடுத்த தேதியைக் கையோடு வாங்கிக்கொண்டு, மேஸ்திரியிடமோ சூப்பர்வைசரிடமோ அன்றே சொல்லிவைப்பது உத்தமம்.

வலிக்கும் பல்லின் பக்கத்தில் ஆஸ்பிரின் மாத்திரையை வைத்து அடக்கிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். ஈறு வெந்து புண்ணாகும். அப்படிச் செய்யவே கூடாது.

விழப்போற பல்லுக்கு எதுக்கு அடைப்பு?

பாட்டிகள் கேட்கும் கேள்வி இது. நியாயம் போலத்தான் தெரியும். ஆனால் கடைசிப் பால் கடைவாய்ப் பல் விழுவதே 10 வயதிலிருந்து 12 வயதுக்குள். ஐந்து வயதில் சொத்தையானால் இன்னும் ஐந்தாறு வருடம் அந்தப் பல்லால்தான் குழந்தை மெல்ல வேண்டும். முன்னாலேயே பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, அடியில் வரவேண்டிய நிலைப் பல்லுக்கு வழி அடைபடும்.

ஆறு வயதில் இன்னொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. எந்தப் பல்லும் விழாமலேயே, பால் பற்களுக்குப் பின்னால் புதிதாக ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அதுவும் பால் பல்தான் என்று பெற்றோர் விட்டுவிடுவார்கள். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய நிலைப் பல். அதன் மேல்பகுதியில் ஆழமான வரிப்பள்ளங்கள் இருப்பதால் முதலில் சொத்தையாவதும் அதுதான். சொத்தை வருவதற்கு முன்பே அந்தப் பள்ளங்களை மெல்லிய பிசினால் பூசி மூடிவிடலாம், சீலன்ட் என்பார்கள். ட்ரில் இல்லை, ஊசி இல்லை. அடைக்க முடியாத அளவு சின்னக் குழந்தை என்றால், சொத்தையை அப்படியே நிறுத்திவைக்கும் வெள்ளிச் சத்துள்ள ஒரு ஃபுளோரைடு திரவமும் இருக்கிறது. தொட்ட இடம் கறுத்துப்போகும் என்பதை மட்டும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

நாற்காலியில் கேட்க வேண்டியவை

''எது நல்லது டாக்டர்?'' என்று கேட்பதைவிட, ''ஓட்டை எவ்வளவு ஆழம்? பல்லின் எந்தப் பக்கம்? இந்த இடத்துக்கு ஏன் இந்த அடைப்பு? எத்தனை தடவை வரணும்?'' என்று கேளுங்கள். இரண்டு பல்லுக்கு நடுவே மறைந்திருக்கும் சொத்தை எக்ஸ்-ரே இல்லாமல் தெரியாது. எடுக்கச் சொன்னால் காசு பிடுங்குகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். கர்ப்பமாக இருந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடைத்து முடித்ததும் ஒரு நீலக் காகிதத்தைக் கடிக்கச் சொல்வார்கள். அடைப்பு ஓர் இழை உயரமாக இருந்தாலும் அந்த இடத்தில் நீலம் ஒட்டும், தேய்த்துச் சரிசெய்வார்கள். மரத்துப்போயிருக்கும் நேரத்தில் நமக்கே சரியாகத் தெரியாது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போது 'டக்'கென்று தட்டினால், பழகிவிடும் என்று விடாமல் திரும்பிப் போங்கள். இரண்டு நிமிட வேலை. சில நாள் கூச்சம் இருப்பது சகஜம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, ராத்திரியில் தானாகவே வலி எடுத்தாலோ சும்மா இருக்கக் கூடாது.

செலவுக்கு வழிகள் உண்டு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், சம்பளத்தில் 0.75 சதவிகிதம் அவர் பங்காகப் போகிறது. அது குடும்பத்துக்கும் சேர்த்துக் கட்டும் பணம். ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவமனைகளிலும் பல் மருத்துவம் பார்க்கிறார்கள். கோவை, குமாரபாளையம், திருச்செங்கோடு பக்கம் இருக்கும் பல் மருத்துவக் கல்லூரிகளில் பேராசிரியர்கள் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வார்கள். கட்டணம் குறைவு, நேரம் அதிகம். ஞாயிறு லீவு என்பதால் முன்பே விசாரித்துவிட்டு வார நாளில் போக வேண்டியிருக்கும்.

சரி, அந்த ஓவர்லாக் அக்காவின் முன்பல்லுக்கு எது? பள்ளம் சின்னதாக இருந்து, கூச்சமும் இல்லையென்றால் பெரும்பாலும் எதுவுமே வேண்டாம். கூசினாலோ, சிரிக்கும்போது உறுத்தினாலோ காம்போசிட்தான். எனாமலில் நன்றாக ஒட்டும், நிறமும் பொருந்தும், பல்லை அதிகம் ராவ வேண்டியதில்லை. சிமென்ட் அங்கே நிற்காது, வெள்ளிக்கு அங்கே வேலையில்லை. ஆனால் மறுநாள் காலையில் அதே இடத்தில் நூலைக் கடித்தால் புதுப் பிசின் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து வரும். அதனால் அடைத்த கையோடு கட்டரில் ஒரு நாடாவைக் கட்டி, மெஷினில் கைக்கு எட்டும் இடத்தில் தொங்கவிட்டுக்கொள்வதும் சிகிச்சையில் சேர்த்திதான். நாடாவுக்குத் திருப்பூரில் பஞ்சமா என்ன!